கேள்வி – பதில்: பட்டாளத்திலிருந்து வந்து கடை வைத்த தாத்தா

கேள்வி: எங்கள் தாத்தா ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து கடைத்தெருவில் பலசரக்குக் கடை நடத்தியவர். முதலாண்டு திவசத்துக்குப் பேரப்பிள்ளைகள் சேர்ந்து நினைவு மலர் போடுகிறோம். "இரண்டு போர்களில் சண்டையிட்ட வீரர்" என்று எழுதச் சொல்கிறார் சித்தப்பா. டிஸ்சார்ஜ் புத்தகம் காணவில்லை. மூன்று மெடல்கள்தான் இருக்கின்றன.
— வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: மெடல் சொல்வதை மட்டும் எழுதுங்கள். அவர் செய்த சேவைக்கு யாரும் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 1965-க்கான ரக்ஷா மெடலும் 1971-க்கான சங்ராம் மெடலும் அந்தச் சமயத்தில் படையில் இருந்தவர்களுக்குப் பரவலாகத் தரப்பட்டவை. எல்லையிலிருந்து வெகு தூரத்தில் ஸ்டோர் பார்த்தவரும் வாங்கியிருப்பார். போர்ப் பகுதியில் இருந்ததற்கு அடையாளம் நட்சத்திர வடிவ மெடல்கள்: 1965-க்கு சமர் சேவா ஸ்டார், 1971-க்குக் கிழக்கில் பூர்வி ஸ்டார், மேற்கில் பஷ்சிமி ஸ்டார். சைன்ய சேவா மெடல் இருந்தால் ரிப்பன் மேலுள்ள உலோகப் பட்டையைப் பாருங்கள். ஹிமாலயா, ஜம்மு காஷ்மீர் என்று பணியாற்றிய வட்டாரம் அதில் இருக்கும்.

அடுத்து, வட்ட மெடலின் விளிம்பு. நம்பர், ரேங்க், பெயர், படைப்பிரிவின் சுருக்கம் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் பொறித்திருக்கும்; நட்சத்திர மெடலுக்குப் பின்பக்கம் பாருங்கள். கண்ணுக்குப் பிடிபடவில்லையென்றால் மெல்லிய தாளை விளிம்பில் ஒட்டிப் பிடித்து, பென்சிலைச் சாய்த்து லேசாகத் தேயுங்கள். எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். திவசத்துக்குப் பளபளவென்று இருக்கட்டும் என்று புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். குத்துவிளக்கு தாங்கும், விளிம்பெழுத்து ஆழமில்லாதது, தேயத் தேய மழுங்கிவிடும். அந்த நம்பர் இல்லாமல் ரெக்கார்ட் ஆபீஸில் (படைப்பிரிவின் ஆவண அலுவலகம்) தேடுவது மிகக் கஷ்டம்.

படைப்பிரிவு தெரிந்தால் எங்கே எழுதுவது என்பதும் தெரிந்துவிடும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியாளர் படை) என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் (தகவல் தொடர்புப் படை) ஜபல்பூர், பீரங்கிப் படை நாசிக், இ.எம்.இ. (வாகனம், கருவிகளைப் பழுதுபார்க்கும் படை) செகந்திராபாத், மருத்துவப் படை லக்னோ. கடிதத்தில் நம்பர், பெயர், சேர்ந்த ஆண்டு, வெளிவந்த ஆண்டு ஆகியவற்றை எழுதி, இறப்புச் சான்றும் உறவுமுறைக்கான சான்றும் இணையுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழிகாட்டுவார்கள். பென்ஷன் இல்லாமல் வந்தவரின் கோப்பு கழிக்கப்பட்டிருக்கலாம். அப்படியானால் "லாங் ரோல்" என்னும் பெயர்ப் பதிவேட்டில் உள்ள விவரத்தையாவது தரும்படி கேளுங்கள். அந்தப் பதிவேட்டைக் கழிப்பதில்லை. சேர்ந்த காலத்து மாவட்டத்தையும் மறக்காமல் எழுதுங்கள். தூத்துக்குடி 1986-லும் தென்காசி 2019-லும்தான் பிரிந்தன. அதற்கு முன் சேர்ந்தவரின் காகிதத்தில் திருநெல்வேலி என்றுதான் இருக்கும்.

கேள்வி: ராணுவக் காகிதத்தில் தாத்தா பிறந்த வருடம் 1938. ஜாதகத்தில் கொல்லம் 1115, பிரமாதி வருடம், தை மாதம். எதைப் போடுவது?
— வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: நம் பக்கத்துக் கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் டிசம்பர் முடிய 824-ஐக் கூட்டுங்கள். ஜனவரி முதல் ஆடி முடிய 825. தை என்பதால் 1115-உடன் 825, 1940 வருகிறது. பிரமாதியும் 1939 சித்திரையில் தொடங்கிய வருடம்தான், ஒத்துப்போகிறது. ஆளெடுப்பில் வயது போதாத பையன்கள் ஒன்றிரண்டு கூட்டிச் சொன்னது ஊருக்கு ஊர் நடந்தது. மலரில் 1940 போடுங்கள். பென்ஷன், வங்கி, அலுவலகக் கடிதம் எதிலும் 1938-ஐ மாற்றாதீர்கள், ஆச்சியின் குடும்ப ஓய்வூதியம் வீணாகத் தடைபடும்.

கேள்வி: 1953-லிருந்து கடைப் பேரேடுகள் இருக்கின்றன. ராமபாணப் பூச்சி அரிக்கிறது. கணக்கும் புரியவில்லை.
— வாசகர், திருநெல்வேலி டவுன்

பதில்: முதலில் பூச்சி. பேரேட்டைக் காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் உறையில் கட்டி, ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பிரிக்கக்கூடாது. ஒரு நாள் வெளியே கிடந்து குளிர் விட்ட பிறகுதான் பிரிக்க வேண்டும்; இல்லாவிட்டால் தாளில் நீர் கோத்து மை கலங்கும். வெயிலில் காயப்போட்டால் தாள் முறுகி ஒடியும்.

1957 ஏப்ரல் 1-க்கு முந்தைய கணக்கு ரூபாய், அணா, பை. 3–8–6 என்றிருந்தால் அது 3.86 அல்ல. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. ஆக இன்றைய கணக்கில் ஏறத்தாழ 3 ரூபாய் 53 பைசா. சில கடைக்காரர்கள் 1957-க்குப் பிறகும் பழக்கத்தில் அணாவிலேயே எழுதினார்கள், ஆகவே தேதியை மட்டும் நம்பாதீர்கள். தமிழ் எண்களில் எழுதியிருந்தால் க, உ, ங, ச, ரு, சு, எ, அ, கூ என்பவை 1 முதல் 9. ய என்பது 10. "உயரு" என்றால் 25. பக்கத்தின் தலையில் தனியாக நிற்கும் உ பிள்ளையார் சுழி, அதை இரண்டு என்று கூட்டிவிடாதீர்கள்.

மலருக்குப் புதுக்கணக்கு போட்ட முதல் பக்கம் ஒன்று, தீபாவளிக்கு முந்தின வாரத்துச் சிட்டை (அன்றாடக் கணக்கு) ஒன்று போதும். பற்றுப் பக்கத்தை அச்சிட வேண்டாம். கடன் நின்றவரின் பேரன் இன்றும் அதே தெருவில் இருப்பார். அண்ணாச்சி வாய்திறந்து சொல்லாத கடனை அவர் பேரில் வரும் மலர் சொல்லக்கூடாது.

கேள்வி: தாத்தா எழுதிய கடிதங்கள் ஆச்சியிடம் உள்ளன. எந்த ஊரிலிருந்து எழுதினார் என்றே இல்லை.
— வாசகி, வீரவநல்லூர்

பதில்: பாதுகாப்புக்காக முகவரி அப்படித்தான் இருக்கும். 99 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) என்றால் கிழக்கு வட்டாரம் என்று எடுத்துக்கொள்ளலாம், 56 ஏ.பி.ஓ. என்பதை வைத்து இடம் சொல்ல முடியாது. தேதிவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றாக ஆச்சிக்கு வாசித்துக் காட்டுங்கள். "எங்கே இருந்தார்" என்று கேட்டால் தெரியாது என்பார்கள். "அந்த லீவுக்கு என்ன கொண்டுவந்தார், ஸ்டேஷனுக்கு யார் போனது, மணியார்டர் யார் பேருக்கு வரும்" என்று கேளுங்கள். காலை நேரம் நல்லது. ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். செல்போனில் பதிவு செய்து, அன்றைக்கே தேதி போட்டு வையுங்கள்.

கேள்வி: சீருடைப் படம் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. உரிக்கலாமா?
— வாசகர், சங்கரன்கோவில்

பதில்: உரிக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். சட்டத்தை மட்டும் கழற்றி, கண்ணாடியோடு சேர்த்து 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் எடுங்கள். தோள்பட்டை, தொப்பி, மார்பு ரிப்பன் மூன்றையும் பெரிதாக்கித் தனித்தனிப் படமாகவும் வையுங்கள். ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதும்போது அவையும் உதவும்.