அலியா, டைசனா? உங்கள் அண்ணனுக்கு ஒரு பதில்

1988-இல் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் சாய்த்த குத்துச்சண்டை வீரர் மைக் டைசன், மோதினால் 1966-இன் முகமது அலியையும் அப்படியே முடித்துவிடுவார் என்று அண்ணன் அடித்துச் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு டோக்கியோவை நினைவூட்டுங்கள். 1990-இல் அங்கே டைசனை வீழ்த்திய பஸ்டர் டக்ளஸ் மாயம் எதுவும் செய்யவில்லை. நீண்ட இடக்கையால் டைசனின் முகத்தில் குத்திக்கொண்டே இருந்தார், நெருங்கினால் கட்டிப்பிடித்தார். பத்தாவது சுற்றில் டைசன் பல்காப்பைத் தேடித் தரையில் தவழ்ந்தார். அலியின் கால்களோ டக்ளஸின் கால்களைவிட வேகமானவை.

ஆனாலும் அண்ணனை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அலியைத் தரையில் வீழ்த்திய குத்துகளில் பேர்போனவை இடது ஹூக்குகள்தான், அதாவது முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்துகள்: 1963-இல் ஹென்றி கூப்பர், 1971-இல் ஜோ பிரேசியர். இரண்டு முறையும் எழுந்துவிட்டார், அது வேறு கதை. டைசனின் ஹூக் இன்னும் குட்டையானது, கண்ணில் படுவதற்குள் வந்துவிடும். முதல் நான்கு சுற்றைத் தாண்டினால் அலி; ஒன்பதாவதில் நடுவர் நிறுத்துவார் என்பது என் கணக்கு.