வாஸூவை ஏடபிள்யூஎஸ்ஸில் ஏற்றுவது: கேள்வி பதில்

கே: 60 லேப்டாப், 12 சர்வர். செக்யூரிட்டி விசாரணைக்கு வாஸூ (Wazuh, லாக்குகளைச் சேர்த்து ஆராயும் செக்யூரிட்டி மென்பொருள்) போடலாம்னு இருக்கோம். அவங்க கிளவுட் சந்தாவா, ஏடபிள்யூஎஸ்ஸில் (அமேசானின் கிளவுட்) நாமளே போடுறதா?

ப: லினக்ஸ் தெரிந்தவர் ஒருவர் வாரம் அரை நாள் ஒதுக்குவார் என்றால் நீங்களே போடுங்கள். இல்லையென்றால் சந்தாதான். 72 ஏஜென்டுக்கு (ஒவ்வொரு மெஷினிலும் ஓடி லாக் அனுப்பும் சிறு மென்பொருள்) ஒரே மெஷின் போதும். 8 விசிபியு, 8 ஜிபி ரேம், 90 நாள் அலர்ட்டுக்கு 200 ஜிபி டிஸ்க் என்பது வாஸூ ஆவணத்தின் கணக்கு. ரேமை மட்டும் 16 ஆக்கிக்கொள்ளுங்கள். இண்டெக்ஸர் (தேடுவதற்காகச் சேமிப்பது), சர்வர் (லாக்கை அலசுவது), டாஷ்போர்டு (திரையில் காட்டுவது) மூன்றும் அதைத்தான் பங்குபோடும். தனி ஏடபிள்யூஎஸ் அக்கவுண்டில் வையுங்கள். புரொடக்‌ஷன் சாவி திருடுபோனால், அதே சாவியால் தடயத்தையும் அழித்துவிடுவார்கள்.

கே: டாக்கரில் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டியில் ஓட்டும் கருவி) போட்டேன் சார், இண்டெக்ஸர் கன்டெய்னர் எழுந்து எழுந்து விழுது.

ப: ஹோஸ்டில் (கன்டெய்னர் ஓடும் மெஷினில்) விஎம்.மேக்ஸ்_மேப்_கவுண்ட் (vm.max_map_count) என்ற லினக்ஸ் அமைப்பு 262144 இருக்க வேண்டும். கட்டளையில் மட்டும் மாற்றினால் ரீபூட்டில் போய்விடும். சிஸ்கன்ட்ரோல் (sysctl) கான்ஃபிக் ஃபைலிலும் எழுதுங்கள்.

கே: எந்த போர்ட் திறக்கணும்?

ப: ஏஜென்டுக்கு 1514, பதிவுக்கு 1515. டாஷ்போர்டின் 443 விபிஎன்னுக்கு மட்டும். 9200 (இண்டெக்ஸர்), 55000 (வாஸூ ஏபிஐ) இரண்டையும் வெளியே காட்டவே கூடாது. 1515இல் இயல்பாகப் பாஸ்வேர்ட் கிடையாது, எட்டுகிற யாரும் ஏஜென்டாகப் பதிந்துகொள்ளலாம். முதல் நாளே பாஸ்வேர்ட் போடுங்கள். பல சர்வர் சேர்ந்த கிளஸ்டர் என்றால் லோட் பேலன்ஸரில் (இணைப்புகளைப் பிரித்து அனுப்புவது) 1515 மாஸ்டருக்கு, 1514 வொர்க்கர்களுக்கு.

கே: சம்பவம் நடந்த நாளைத் தேடினால் அந்த ஐபி பற்றி ஒரு வரிகூட இல்லை. ஏஜென்ட் லாக் அனுப்பியது உறுதி.

ப: அனுப்பியிருக்கும், வாஸூ வைத்திருக்காது. ஏதாவது ரூலில் மாட்டி, அதன் லெவல் 3 அல்லது மேலே இருந்தால்தான் அலர்ட்டாகச் சேமிக்கும். மற்றதை அலசிவிட்டு விட்டுவிடும். விசாரணைக்கு வேண்டியதோ பெரும்பாலும் அந்த மற்றதுதான். வாஸூ சர்வரின் ஒஸ்ஸெக் கான்ஃபிக் ஃபைலின் (ossec.conf) குளோபல் பகுதியில் லாக்ஆல்_ஜேசனை (logall_json) 'யெஸ்' ஆக்குங்கள். பிறகு ஃபைல்பீட்டில் (சர்வரிலிருந்து இண்டெக்ஸருக்கு அனுப்புவது) ஆர்க்கைவ்ஸை (எல்லா லாக்கும் சேரும் ஃபைல்கள்) இயக்கி, மேனேஜர் (வாஸூ சர்வர்), ஃபைல்பீட் இரண்டையும் ரீஸ்டார்ட் செய்து, டாஷ்போர்டில் ஆர்க்கைவ்ஸுக்கு இண்டெக்ஸ் பேட்டர்ன் (எந்த இண்டெக்ஸில் தேடுவது என்ற குறிப்பு) உருவாக்குங்கள். ஃபைல்பீட் படியைத்தான் பலரும் மறக்கிறார்கள். ஃபைல் டிஸ்கில் வளரும், தேடலில் எதுவும் வராது.

இனி டிஸ்க் மளமளவென்று நிறையும். ஆர்க்கைவ்ஸ் தினமும் சுருக்கப்படும், தானாக அழியாது. தேட 14 நாள் இண்டெக்ஸில் போதும். சுருக்கிய ஃபைல்களை எஸ்3க்குத் (ஏடபிள்யூஎஸ்ஸின் ஃபைல் சேமிப்பு) தள்ளி, ஆப்ஜெக்ட் லாக்கைக் (அழிக்கவிடாமல் பூட்டும் வசதி) கம்ப்ளையன்ஸ் முறையில் வையுங்கள். கெடு முடியும்வரை ரூட் யூசராலும் அழிக்க முடியாது. நாள் கணக்கைச் சரிபார்த்துப் போடுங்கள், தவறாகப் போட்டால் உங்களாலும் முடியாது! இந்தியாவில் 2022 ஏப்ரல் செர்ட்-இன் (மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவுப்படி 180 நாள் லாக் வேண்டும்.

கே: புது அலர்ட் நின்னுபோச்சு, ஏஜென்ட் எல்லாம் ஆக்டிவ்.

ப: டிஸ்கைப் பாருங்கள். 95% தாண்டினால் இண்டெக்ஸில் புதிதாக எழுதுவதை இண்டெக்ஸர் பூட்டிவிடும். இபிஎஸ் வால்யூமைப் (ஏடபிள்யூஎஸ் மெஷினின் டிஸ்க்) பெரிதாக்கி, குரோபார்ட் (பார்ட்டிஷனை நீட்டும் கட்டளை) ஓட்டி, ஃபைல் சிஸ்டத்தையும் நீட்டுங்கள். மெஷினை நிறுத்த வேண்டாம். ஆனால் இபிஎஸ்ஸைப் பிறகு சுருக்க வழியில்லை, அதனால் முதலில் பழைய இண்டெக்ஸை அழித்துப் பாருங்கள்.