கடற்கரை வீடு பிடிக்கும் முன்: கைக்குழந்தையோடு மே மாத லீவு

கேள்வி: மே லீவில் மூன்று நாள் ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் ஒரு கடற்கரை வீடு எடுத்துத் தங்கலாம் என்று இருக்கிறோம். நாங்கள் இருவர், மாமனார், மாமியார், நாத்தனாரும் அவர் கணவரும், ஐந்து வயதிலும் இரண்டு வயதிலும் எங்கள் பிள்ளைகள். இன்ஸ்டாகிராமில் பார்த்த ஒரு வில்லா எல்லாருக்கும் பிடித்துவிட்டது. ‘பீச்சுக்கு இரண்டு நிமிடம், நீச்சல் குளம் உண்டு, 12 பேர் தங்கலாம்’ என்கிறார்கள். பாதிப் பணத்தை இன்றே போடச் சொல்கிறார்கள். போடலாமா?
(திருச்சி வாசகி)

பதில்: இன்று போடாதீர்கள். முதலில் வீட்டின் சரியான லொகேஷனை வாங்குங்கள். ‘கோவளம் பக்கம்’, ‘மாமல்லபுரம் பக்கம்’ என்பதெல்லாம் போதாது. சென்னையிலிருந்து தெற்கே போகும்போது கடல் உங்களுக்கு இடது கைப் பக்கம். ஆனால் சாலைக்கு வலப்பக்கம் உள்ள வீட்டுக்கும் ‘பீச் ஹவுஸ்’ என்றுதான் பெயர் வைக்கிறார்கள். அப்படி ஒன்றில் தங்கினால், கடலுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் ஒரு கையில் வாளியும் துண்டும், இன்னொரு கையில் பிள்ளையுமாக நீங்கள் ஈசிஆரைக் கடக்க வேண்டும். சனி, ஞாயிறில் அங்கே வண்டிகள் பறக்கிற வேகம் தெரிந்த யாரும் இதற்குச் சம்மதிக்க மாட்டார்கள். மேப்பில் செயற்கைக்கோள் படத்தைப் போட்டு, வீட்டு கேட்டிலிருந்து மணல் வரை எத்தனை மீட்டர், நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ‘இரண்டு நிமிடம்’ என்பது பல சமயம் காரில் போனால்தான்.

அடுத்து, வாட்ஸ்அப்பில் வீடியோ கால் கேளுங்கள். பழைய வீடியோவை அனுப்பினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கேர்டேக்கர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டிலிருந்து ஹால், சமையலறை, பாத்ரூம், மாடிப்படி, நீச்சல் குளம், அப்புறம் மணல் வரை நடக்கட்டும். பத்து நிமிட வேலை. அதற்கு மறுக்கிற இடத்துக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில் சோபாவையும் திரைச்சீலையையும் பார்த்து நேரத்தைப் போக்க வேண்டாம். கதவுகளைப் பாருங்கள். இதை நான் அனுபவப்பட்டுத்தான் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் புதுச்சேரிக்குத் தெற்கே ஒரு வீடு எடுத்திருந்தோம். ஹாலிலிருந்து நேரே குளத்துக்குத் திறக்கும் கண்ணாடிக் கதவு, தள்ளினால் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். தாழ்ப்பாள் என் இடுப்பு உயரத்தில் இருந்தது. பெரியவர்கள் பைகளை இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில், என் தங்கையின் மூன்று வயதுப் பெண் அந்தத் தாழ்ப்பாளை மேலே தள்ளி, கதவைத் திறந்து, குளத்தின் ஓரத்தில் செருப்பைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா பார்த்ததால் தப்பித்தோம். அந்த மூன்று நாளும் கதவின் கைப்பிடியையும் பக்கத்து ஜன்னல் கம்பியையும் ஒரு துப்பட்டாவால் சேர்த்துக் கட்டி வைத்திருந்தோம். வெளியே போக வேண்டியவர்கள் அவிழ்த்து, வந்ததும் திரும்பக் கட்டினார்கள். அந்த வீட்டின் படங்கள் அத்தனையிலும் அந்தக் கண்ணாடிக் கதவு இருந்தது. எங்களில் ஒருவரும் அதைக் கதவாகப் பார்க்கவில்லை.

நீச்சல் குளம் இருந்தால் மூன்று கேள்விகள். எத்தனை அடி ஆழம்? சுற்றி வேலியும் பூட்டும் உண்டா? குழந்தைகளுக்குத் தனியாக ஆழமில்லாத பகுதி உண்டா? ஐந்து வயதுப் பிள்ளையின் உயரமே ஏறக்குறைய மூன்றரை அடிதான். ‘நாலடிதான் சார், பயமில்லை’ என்று சொன்னால் உங்கள் பெரிய பிள்ளைக்கே அது தலைக்கு மேல். மூழ்கும் குழந்தை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. சத்தமே வராது. அதனால் ‘எல்லாரும் பார்த்துக்கொள்வோம்’ என்ற ஏற்பாடு வேண்டாம். அரை மணிக்கு ஒருவர் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். அந்த அரை மணி அவர் கையில் போன் இருக்கக் கூடாது. இரண்டு வயதுக் குழந்தை இருக்கும் குடும்பத்துக்கு, வேலியில்லாத குளமுள்ள வீட்டைவிடக் குளமே இல்லாத வீடு நல்லது என்பது என் உறுதியான கருத்து. மாடிக் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே மடக்கிய உங்கள் கைமுட்டி தாராளமாக நுழைந்தால் அந்த மாடியும் வேண்டாம்.

நீங்கள் போவது கத்திரி வெயில் நேரம். கத்திரி மே 4 வாக்கில் தொடங்கி மாதக் கடைசி வரை போகும். சின்னப் பிள்ளைகளோடு மணலில் இருக்க முடிவது காலையில் ஆறிலிருந்து எட்டு வரை, மாலையில் ஐந்திலிருந்து இருட்டும் வரை. கிழக்குக் கடற்கரை என்பதால் மாலையில் சூரியன் முதுகுப்புறம் இறங்கிவிடும். சவுக்கு மரமோ மதில் சுவரோ உள்ள இடத்தில் மணலில் நிழல் விழும். ஆக, ஒரு நாளில் நான்கு மணி நேரம் கடல், மீதி இருபது மணி நேரமும் வீடு. நீங்கள் வாடகை தருவது அந்த இருபது மணி நேரத்துக்குத்தான்.

அதனால் ‘12 பேர்’ என்பதைப் பிரித்துக் கேளுங்கள். எத்தனை கட்டில், எத்தனை அறையில் ஏசி, ஹாலில் ஏசி உண்டா? இரண்டு அறையில் நான்கு பேர், மற்றவர்களுக்கு ஹாலில் தரை மெத்தை என்பதுதான் பல இடங்களில் அந்தக் கணக்கு. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஃபேனும் லைட்டும் ஓடும், பெரும்பாலும் ஏசி ஓடாது. ஜெனரேட்டர் உண்டா என்று தனியாகக் கேளுங்கள். குழாயில் வருவது உப்புத் தண்ணீரா? கடலோரத்தில் பல போர்வெல்களில் அப்படித்தான். குடிக்க, சமைக்க, குழந்தையைக் கடைசியாக ஒரு சொம்பு ஊற்றிக் குளிப்பாட்ட, 20 லிட்டர் கேன் தண்ணீர் முன்கூட்டியே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். சமையலறை என்றால் கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இருக்கிறதா, ஒரு மைக்ரோவேவ் மட்டும்தானா? இரவு இரண்டு மணிக்குப் பால் காய்ச்ச வேண்டியவர் நீங்கள்தான். பார்ட்டிக்கு விடுகிற வீடா என்றும் கேளுங்கள். முந்தின நாள் உடைந்த பாட்டிலின் சில்லு புல்வெளியில் கிடந்தால் முதலில் குத்துவது வெறுங்காலோடு ஓடும் குழந்தையைத்தான்.

‘பிடித்த மீனை அப்படியே சமைத்துத் தருவோம்’ என்று சொன்னால் அதை நம்பிக் கூடுதல் பணம் தராதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப் படகில் வருவது கொஞ்சம்தான், விலையும் கூடுதலாக இருக்கும்.

கடலில் பிள்ளைகள் கால் நனைக்கட்டும், பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு. திரும்பிப் போகும் அலைதான் காலடி மணலை அரித்து இழுக்கும். அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், தண்ணீர் வேகமாக உள்ளே இழுத்துப் போகும் வழி அதுவாக இருக்கலாம். சென்னைக்குப் பக்கத்துக் கோவளம் கடற்கரையும் புதுச்சேரியின் ஈடன் கடற்கரையும் 2021-ல் நீலக்கொடிச் சான்று பெற்றவை. உயிர்காப்பாளர், கழிப்பறை, உடை மாற்றும் இடம் போன்ற வசதிகளைப் பார்த்துத்தான் அந்தச் சான்று தருகிறார்கள். வீட்டின் பின்புறம் ஆளில்லாத மணல் இருந்தாலும், பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்க அப்படி ஆள் நிற்கும் இடத்துக்குக் கூட்டிப் போவதே மேல்.

இத்தனையும் சரியென்றால் அட்வான்ஸ் போடுங்கள். பாதி வேண்டாம், கால் பங்கு என்று பேசிப் பாருங்கள். சொன்ன வசதிகள், தேதி, ஆட்களின் எண்ணிக்கை, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதை எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொண்டு போடுங்கள்.

கேள்வி: குழந்தைக்குத் திடீர்க் காய்ச்சல் வந்ததால் போவதற்கு முந்தின நாள் ரத்து செய்தோம். 10,000 ரூபாய் அட்வான்ஸில் ஒரு பைசா தர மாட்டேன் என்கிறார் உரிமையாளர். வழி உண்டா?

பதில்: பணம் வாங்கும்போதே ‘கடைசி நேரத்தில் ரத்து செய்தால் திரும்பாது’ என்று எழுத்தில் சொல்லியிருந்தால் உங்கள் பக்கம் பலவீனம். அப்போது மருத்துவச் சீட்டை அனுப்பி, வேறு தேதிக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். வார நாள் என்றால் பலர் ஒப்புக்கொள்வார்கள். எதுவுமே சொல்லாமல் வாங்கிக்கொண்டு இப்போது விதி பேசினால், முதலில் எழுத்தில் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வீடு இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. கெடு இரண்டு வருடம்.

ஒன்று கவனம். ‘பணத்தைத் திருப்பித் தருகிறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்’ என்று சொன்னால் செய்யாதீர்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்வதும் இல்லை, பின் நம்பர் போடுவதும் இல்லை. பணம் போட்ட பிறகு அப்படி ஒரு வீடே இல்லை என்று தெரிந்தால் அது மோசடி, உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை வழியில் நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

கேள்வி: வாடகை 14,000, அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்கிறார். பில் கேட்டால் மழுப்புகிறார்.

பதில்: பில் இல்லையென்றால் வரியும் இல்லை. நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 என்பது 2025 செப்டம்பர் 22 முதல் உள்ள கணக்கு. ஆனால் பதிவு செய்தவர்தான் வரி வாங்கலாம். 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள். தமிழ்நாடு என்றால் 33-லும், புதுச்சேரி என்றால் 34-லும் தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று வந்துவிடும்.

கேள்வி: இரவில் பையன் மெத்தையை நனைத்துவிட்டான். 5,000 ரூபாய் டெபாசிட்டில் 3,000-ஐப் பிடித்துக்கொண்டார்கள். நியாயமா?

பதில்: சுத்தம் செய்த செலவைக் கேட்பது நியாயம், அதற்கு ரசீது காட்ட வேண்டும். ரசீதை எழுத்தில் கேளுங்கள், காட்டாவிட்டால் அதற்கும் 1915தான். அடுத்த முறை சாவி வாங்கியதும், பைகளைப் பிரிக்கும் முன், மெத்தையின் மேல்விரிப்பைத் தூக்கிப் பார்த்து ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள். பழைய கறைகள் அங்கேயே இருக்கும். அன்றே கேர்டேக்கருக்கு அனுப்பி வையுங்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போது, குழந்தைக்குப் போடும் ரப்பர் ஷீட்டைப் பையின் மேலாக வையுங்கள், முதலில் எடுக்க வேண்டியது அதுதான்.