வீட்டிலிருந்தே பத்தாம் வகுப்பு: அம்மா ஏன் போலீஸாக வேண்டும்?

கேள்வி: மதுரையில் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். கணவர் லாரி ஓட்டுநர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். என் மகனுக்கு 15 வயது. ஒன்பதாம் வகுப்பில் சில பையன்கள் அவனை விடாமல் கேலி செய்தார்கள், பிறகு அடிக்கவும் ஆரம்பித்தார்கள். பள்ளியில் இரண்டு முறை சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை. 'இனிமே போகமாட்டேன்' என்று உட்கார்ந்துவிட்டான். வேறு வழியில்லாமல் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்திருக்கிறோம். காலை பத்து மணிக்குத்தான் எழுகிறான். புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்காருகிறான். கேட்டால் 'படிச்சிட்டேன்' என்கிறான், கேள்வி கேட்டால் முழிக்கிறான். மீதி நேரம் செல்போன். நான் எட்டாவது வரைதான் படித்தேன், சொல்லிக்கொடுக்கத் தெரியாது. திட்டித் திட்டி என் தொண்டையும் வேலையும் போனதுதான் மிச்சம். இவனை எப்படிப் படிக்கவைப்பது? பழைய தைரியம் திரும்ப வருமா?

பதில்: உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது 'முழிக்கிறான்' என்ற சொல்தான். அவன் பொய் சொல்வதாக நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் உண்மையிலேயே படித்திருப்பான். ஒரு பாடத்தை நாலு தடவை வாசித்தால் எல்லாம் பழகிய முகம் மாதிரி ஆகிவிடும், 'இது தெரியும்' என்று மனசு சொல்லும். புத்தகத்தை மூடினால்தான் தெரியும், தெரிந்தது முகம் மட்டும், பெயர் ஞாபகமில்லை என்று.

இதை 2006இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் மாணவர்களை வைத்தே சோதித்துப் பார்த்தார்கள். ஒரு குழு ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப நாலு சுற்று வாசித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று வாசித்துவிட்டு, மீதி மூன்று சுற்றும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கதை தலைகீழ்: பார்க்காமல் எழுதியவர்களுக்கு 61 சதவீதம் நினைவிருந்தது, வாசித்தவர்களுக்கு 40 சதவீதம்தான். உங்கள் மகன் வாசிக்கிற குழுவில் உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான் விஷயம். அது சோம்பேறித்தனம் அல்ல. எப்படிப் படிப்பது என்பதைப் பெரும்பாலான பிள்ளைகளுக்கு யாருமே சொல்லிக்கொடுப்பதில்லை.

எனவே 'எத்தனை மணி நேரம் படிச்ச?' என்ற கேள்வியை இன்றோடு விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக வீட்டில் இருக்க வேண்டியவை ஒரு கட்டு வெள்ளைத்தாள், ஒரு நீலப் பேனா, ஒரு சிவப்புப் பேனா. பாடத்தில் மூன்று நான்கு பக்கம் வாசிக்கட்டும். புத்தகத்தை மூடி வேறு அறையில் வைத்துவிட்டு, ஞாபகம் இருப்பதையெல்லாம் நீலத்தில் எழுதட்டும், படம் என்றால் வரையட்டும். முதல் நாள் ஆறு வரிதான் வரும், கடுப்பாவான். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பில் நிரப்பட்டும். அந்தத் தாளைத் தூக்கிப் போடாமல் மூன்று நாள் கழித்து அதே பாடத்தைப் புதுத் தாளில் எழுதிப் பார்க்கட்டும், பத்து நாள் கழித்து இன்னொரு தடவை. சிவப்பு குறைந்துகொண்டே வருவதை அவன் கண்ணாலேயே பார்ப்பான். பள்ளியில் அடிபட்டு, 'நமக்கு எதுவும் வராது' என்று நம்பத் தொடங்கியிருக்கும் பையனுக்கு நாம் சொல்லும் ஆயிரம் ஆறுதலைவிட அந்தத் தாள் அதிகம் பேசும். இப்படி ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் படித்தால் போதும். எட்டு மணி நேரம் உட்காரவைக்க வேண்டிய அவசியமே இல்லை.

எட்டாவது வரைதான் படித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் ஒரு சங்கடம் தெரிந்தது. எனக்கென்னவோ அது உங்கள் மகனுக்குக் கிடைத்த வசதி. படித்த பெற்றோர் பலர் பிள்ளை வாயைத் திறப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவார்கள். உங்களால் அது முடியாது. தையல் மெஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போடுங்கள். நாளுக்கு ஒரு தடவை, பத்து நிமிடம், அன்றைக்குப் படித்ததில் ஒன்றை உங்களுக்குப் புரிகிற மாதிரி அவன் சொல்ல வேண்டும். உங்கள் கை வேலை பார்க்கட்டும், காது மட்டும் அவனிடம் இருக்கட்டும். 'அது ஏன் அப்படி?', 'எனக்குப் புரியலயே, நம்ம வீட்டுல எதை வச்சு சொல்லுவ?' என்ற இரண்டு கேள்வி போதும். மின்சாரப் பாடம் வந்தால், மெஷின் மோட்டார் கொஞ்ச நேரத்தில் ஏன் சூடாகிறது என்று கேளுங்கள். திணறுவான். திணறட்டும், போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும். தவறாகச் சொல்கிறானோ என்ற கவலை வேண்டாம், சிவப்புப் பேனா பிடித்துவிடும்.

வட்டம் பற்றிய கணக்கு வரும்போது அவனிடம் ஒரு அம்பர்லா பாவாடையைக் கொடுத்துப் பாருங்கள். இடுப்பு 28 இஞ்ச், துணியை நாலாக மடித்தாயிற்று, மூலையிலிருந்து எத்தனை இஞ்சில் வளைவு போடுவது? உங்களுக்குக் கை சொல்லும். அவன் சுற்றளவு சூத்திரத்தைப் போட்டு, 28ஐ 6.28ஆல் வகுத்து, ஏறக்குறைய நாலரை இஞ்ச் என்பான். டேப்பை வளைத்துப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள், நாலாக மடித்த துணியில் அந்த வளைவு ஏழு இஞ்ச் வந்தால் கணக்கு சரி. அதற்குப் பிறகு, 'நாலரையில வெட்டினா இடுப்பு லூஸாயிடும்டா, தையலுக்கு அரை இஞ்ச் போகும்ல, நாலுல வெட்டணும்' என்று நீங்கள் சொல்வீர்கள். அது அவன் புத்தகத்தில் இல்லை. அன்றைக்கு இரண்டு பேருமே ஒன்றைச் சொல்லிக்கொடுத்து ஒன்றைக் கற்றிருப்பீர்கள். அளவுக் கணக்கு, நூல் வாங்குவது, வாடிக்கையாளர் பாக்கி நோட்டு, இதில் ஏதாவது ஒன்றை நிரந்தரமாக அவன் பொறுப்பில் விடுங்கள். தண்டனையாகவோ, 'படிக்கலைன்னா இந்த வேலைதான்' என்ற மிரட்டலாகவோ அல்ல. அவன் செய்யாவிட்டால் அந்த வேலை நிற்கும் என்கிற அளவுக்கு உண்மையான பொறுப்பாக இருக்க வேண்டும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, வீட்டில் ஓயாத சண்டை, பெற்றோருக்கு நோய் என்று பல கஷ்டங்கள் சேர்ந்து அமைந்த பிள்ளைகளிலும் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே வளர்ந்து நின்றார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்தவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, அவர்களை அப்படியே ஏற்றுக்கொண்ட, நம்பிப் பேசக்கூடிய பெரியவர் ஒருவராவது இருந்தார். பல நேரம் அது பெற்றோர்கூட இல்லை, பாட்டியோ ஆசிரியரோ அண்டை வீட்டாரோ. இன்னொன்று, குடும்பத்துக்கு நிஜமாகவே தேவைப்பட்ட ஏதோ ஒரு வேலை அவர்கள் கையில் இருந்தது. 'தைரியமா இருடா' என்று சொல்லி யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

அந்தப் பெரியவர் யார் என்று யோசியுங்கள். நீங்கள் மட்டுமே அம்மாவாகவும் டீச்சராகவும் காவல்காரராகவும் இருந்தால் மூன்றுமே கெட்டுவிடும். தாய்மாமா இருக்கிறாரா? கணக்குச் சொல்லிக்கொடுக்கக்கூடிய கல்லூரி அக்கா யாராவது தெருவில் இருக்கிறாரா? வாரத்தில் ஒரு மணி நேரம் போதும், நிலையாக வர வேண்டும் என்பதுதான் முக்கியம். கணவரிடமும் ஒன்று சொல்லுங்கள். அவர் போனில் உங்களிடம் 'படிக்கிறானா?' என்று கேட்பது பக்கத்து அறையில் அவன் காதில் விழும். நேராக அவனிடமே பேசட்டும், படிப்பைத் தவிர வேறு ஏதாவது. வண்டி இப்போது எந்த ஊரைத் தாண்டுகிறது, சுங்கச்சாவடியில் எவ்வளவு எடுத்தார்கள் என்பது போதும்.

பத்து மணிக்கு எழுவதைப் பற்றி. பதின்ம வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பு இரவில் தாமதமாகவே தொடங்கும், அதனால் ஒன்பது மணிக்குப் படுக்கச் சொன்னால் கண் மூடாது. இந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் தேவை. நான்கு மணிக்கு எழுப்பிப் படிக்கவைத்தால்தான் படிப்பு ஏறும் என்ற நம் ஊர் நம்பிக்கையில் எனக்கு உடன்பாடில்லை. திறந்தநிலைப் பள்ளியின் பொதுத்தேர்வும் பெரும்பாலும் மதியத்தில்தான் நடக்கிறது. எட்டு மணிக்கு எழுந்தால் தாராளம், ஆனால் தினமும் அதே எட்டாக இருக்க வேண்டும். ஒரேயடியாகப் பத்திலிருந்து எட்டுக்கு இழுக்காமல் இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் நகர்த்துங்கள். செல்போனைப் பிடுங்க வேண்டாம். அவனுக்கு மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு நண்பர்களும் அதற்குள்தான் இருக்கிறார்கள். இரவு பத்தரைக்கு எல்லார் போனும் ஹாலில் சார்ஜில் கிடக்க வேண்டும் என்பது மட்டும் சட்டம். எல்லார் போனும் என்றால் உங்களுடையதும்தான்.

தேர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் பலர் இதைத் தெரிந்துகொள்ளாமலே பயப்படுகிறார்கள். இந்த முறையில் பத்தாம் வகுப்புக்கு ஐந்து பாடத்தில் தேறினால் போதும், எல்லாவற்றையும் ஒரே தடவையில் எழுத வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பதிவு ஐந்து ஆண்டு செல்லும், ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு உண்டு. முதல் தடவை அவனுக்குப் பிடித்த இரண்டு பாடத்தை மட்டும் எழுதட்டும் என்பது என் யோசனை. இரண்டில் தேறிவிட்டு மூன்றைப் பார்க்கிற பையனும், ஐந்தையும் எழுதி இரண்டில் விழுந்த பையனும் ஒன்றல்ல. வீட்டில் எழுதி ஒப்படைக்க வேண்டிய ஒப்படைப்புகளுக்கு 20 சதவீத மதிப்பெண் உண்டு, அதன் கடைசித் தேதியைக் காலண்டரில் பெரிதாக வட்டமிட்டு வையுங்கள். பிளஸ் ஒன்னுக்கு எந்தப் பள்ளியில் சேர நினைக்கிறீர்களோ அங்கே இப்போதே போய் இந்தச் சான்றிதழையும் அவன் எடுத்திருக்கும் பாடங்களையும் ஏற்பார்களா என்று விசாரித்துவிடுங்கள். மே மாதம் ஓடுவதைவிட அது நல்லது.

எந்த வாரம் எதைப் படிப்பது என்ற அட்டவணையை நீங்கள் போடாதீர்கள், அவன் போடட்டும். சனிக்கிழமை சாயங்காலம் இருபது நிமிடம் உட்கார்ந்து, போன வாரத் தாள்களைப் பார்த்து, எது நடந்தது எது நடக்கவில்லை என்று பேசுங்கள். மற்ற ஆறு நாளும் படிப்பைப் பற்றி நீங்களாக வாயைத் திறக்கக் கூடாது. ஸ்டூல் பேச்சு மட்டும் விதிவிலக்கு. முதல் இரண்டு வாரம் உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும். அவன் அட்டவணையில் பாதிகூட நடக்காது. அதைச் சனிக்கிழமை அவன் வாயாலேயே சொல்லட்டும்.

பள்ளியில் நடந்ததைக் கிளறிக் கேட்காதீர்கள், 'அதையெல்லாம் மறந்துடு' என்றும் சொல்லாதீர்கள். இந்த வயதுப் பையன்கள் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசுவதைவிடப் பக்கத்தில் இருக்கும்போதுதான் பேசுவார்கள். கீரை ஆயும்போது, பஸ்ஸில் போகும்போது தானாக வரும். வந்தால், 'உன்மேல தப்பில்ல' என்று ஒரு தடவை தெளிவாகச் சொல்லுங்கள். உடனே தீர்வு சொல்லக் கிளம்பிவிடாதீர்கள். ஆனால் வீடு அவனுக்கு ஒளிந்துகொள்ளும் குகையாகிவிடக் கூடாது. புதுநத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அவனை அடித்தவர்கள் யாரும் வராத, அவனை யாரும் அறியாத இடம். வாரம் இரண்டு நாள் அங்கே போகட்டும், முதல் நாள் மாமாவோடு, பிறகு தனியாக. சாயங்காலம் ஏதாவது ஒரு விளையாட்டு, வியர்க்கிற மாதிரி.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகச் சாப்பிடாமல், குளிக்காமல், பிடித்த விஷயங்களில்கூட ஆர்வமில்லாமல் இருந்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 'நான் இல்லாமலே இருந்திருக்கலாம்' என்பது போல ஒரு வார்த்தை வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே, அவனைத் தனியே விடாமல். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அவன் பேச மறுத்தால் நீங்கள் பேசுங்கள்.

கடைசியாக, நீங்கள் கடிதத்தில் எழுதாத ஒன்று. சீக்கிரமே ஒரு கல்யாணமோ காதுகுத்தோ வரும், அங்கே யாராவது 'பையன் எந்த ஸ்கூல்?' என்று கேட்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று முன்கூட்டியே அவனிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். 'ஓபன் ஸ்கூல்ல பத்தாவது எழுதுறான்' என்ற அளவில் போதும், காரணமெல்லாம் வேண்டாம். ஆனால் அதைச் சொல்லும்போது உங்கள் குரல் இறங்கக் கூடாது. அவன் பக்கத்தில் நின்று சாப்பாட்டைப் பார்ப்பது போல உங்கள் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருப்பான். ஒரு தடவை வீட்டில் சொல்லிப் பார்த்துக்கொண்டு போங்கள்.