சுற்றிக் கேட்டால் விட்டுவிட்டு வருகிறாளா?

வணக்கம் அம்மா. மகள் பத்தாம் வகுப்பு. புக் பேக் கேள்வி என்றால் முழு மார்க், கொஞ்சம் சுற்றிக் கேட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு வருகிறாள், சிந்தனைத் திறனுக்கென்றே தனி வகுப்பு இருக்கிறதாமே, சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்க்க வேண்டாம். அந்தப் பணம் மிச்சமாகட்டும்.

ஆசிரியர்கள் 'ஹாட்ஸ்' (HOTS, உயர்நிலைச் சிந்தனைத் திறன்) என்று சொல்வது இப்படிச் சுற்றிக் கேட்கும் கேள்விகளைத்தான். 1956-ல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் ப்ளூம் தலைமையிலான குழு கற்றலை ஆறு படிகளாக வகுத்தது. 2001-ல் அதைத் திருத்தினார்கள். நினைவில் வைப்பது, புரிந்துகொள்வது, பயன்படுத்துவது, பகுத்துப் பார்ப்பது, மதிப்பிடுவது, புதிதாக உருவாக்குவது. பின்னால் வரும் மூன்றும் உயர்நிலைச் சிந்தனை. அதற்காக மனப்பாடமே கூடாது என்று மேடையில் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். சூத்திரமே தெரியாத பிள்ளை எதை வைத்து யோசிக்கும்? உங்கள் மகளிடம் சரக்கு இருக்கிறது. படித்த இடத்தை விட்டு வேறு இடத்தில் அதை எடுத்துப் பயன்படுத்தித்தான் பழக்கமில்லை.

அதற்குச் சமையலறையே போதும். குக்கரில் சோறு ஏன் சீக்கிரம் வேகிறது என்று கேளுங்கள். "அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும்" என்று ஒப்பிப்பாள். சரி, கொடைக்கானலில் திறந்த பாத்திரத்தில் வைத்தால் ஏன் நேரமாகிறது? ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அதே விதிதான், திருப்பிப் போட்டிருக்கிறது. அடுத்து, நம் வீட்டில் உலை தளதளவென்று கொதித்த பிறகு தீயைக் கூட்டினால் அரிசி இன்னும் சீக்கிரம் வேகுமா? பல பிள்ளைகள் "ஆமாம்" என்பார்கள், பெரியவர்களும்தான். திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. கூட்டிய தீ, தண்ணீரைத்தான் வேகமாக ஆவியாக்கும்.

இங்கே நீங்கள் செய்யக்கூடாதது ஒன்று உண்டு: விடையைச் சொல்லிவிடுவது. "எப்படிச் சொல்றே?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். தப்பாகவே சொல்லட்டும், காரணத்தோடு சொல்லட்டும். நம் வீடுகளில் பிள்ளை யோசிக்க அரை நிமிடம் கொடுப்பதற்குள் அப்பாவோ அண்ணனோ பதிலைச் சொல்லிவிடுகிறார்கள்.

தேர்வுத்தாள் வந்ததும் சரியான விடையை ஐந்து முறை எழுதச் சொல்லாதீர்கள். தப்பு விடை தனக்கு ஏன் சரியாகப் பட்டது என்று இரண்டு வரி எழுதட்டும். நீட் தேர்வில் தப்பான விடைக்கு ஒரு மார்க் போய்விடும். கூற்று, காரணம் இரண்டையும் கொடுத்து இதற்கு அதுதான் காரணமா என்றும் கேட்பார்கள். சட்டக் கல்லூரிக்கான கிளாட் தேர்விலும் 2020 முதல் பத்தியைக் கொடுத்து அதிலிருந்துதான் கேட்கிறார்கள். இந்த இரண்டு வரிப் பழக்கம் அங்கெல்லாம் உதவும்.

இப்படிக் கேள்வி கேட்பது வாரம் ஒருநாள் போதும். ரிவிஷன் தேர்வுகள் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள், அப்போது அவளைக் குழப்ப வேண்டாம். அந்த இரண்டு வரி நோட்டை மட்டும் பத்திரமாக வையுங்கள். பதினொன்றில் என்ன குரூப் எடுப்பது என்ற பேச்சு வரும்போது அதைப் புரட்டிப் பாருங்கள். எந்தப் பாடத்தில் இரண்டு வரி கேட்டதற்கு அவளாகவே அரைப் பக்கம் எழுதியிருக்கிறாள் என்று பார்த்துவிட்டு, மார்க் ஷீட்டை அப்புறம் கையில் எடுங்கள்.