எதை எதனோடு ஒப்பிடுவது?

கேள்வி: ‘தி பாப்புலேஷன் ஆஃப் இந்தியா இஸ் லார்ஜர் தேன் சைனா’ என்று என் மகள் எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டார். என்ன பிழை?

பதில்: அடித்தது சரியே. மக்கள்தொகையை மக்கள்தொகையோடு ஒப்பிடாமல் சீனா என்னும் நாட்டோடேயே ஒப்பிட்டுவிட்டதால், ‘தேன் தட் ஆஃப் சைனா’ என்றோ, சுருக்கமாகச் ‘சைனாஸ்’ என்றோ முடித்திருக்க வேண்டும். பெயர்ச்சொல் பன்மையானால் ‘தட்’ போய் ‘தோஸ்’ வரும். பேச்சில் இதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. தேர்வுத்தாளில் மதிப்பெண் போகும்.

இதைவிட நுட்பமானது, ‘எவரெஸ்ட் இஸ் ஹையர் தேன் எனி மவுண்டன் இன் ஏசியா’ என்னும் வாக்கியம். எவரெஸ்ட்டும் ஆசிய மலைகளுள் ஒன்றாதலால், அது தன்னைவிடத் தானே உயர்ந்தது என்று பொருள்பட்டுவிடுகிறது. எனவே ‘எனி அதர் மவுண்டன்’ என்பதே முறை. ஆனால் ‘இன் யூரோப்’ என்று முடித்தால் ‘அதர்’ தேவையில்லை, ஏனெனில் எவரெஸ்ட் ஐரோப்பாவில் இல்லை.