கௌபாய் கேள்வி பதில்: சினிமாவைக் கழித்துவிட்டுக் கேளுங்கள்

கே: கௌபாய்க்குச் சம்பளம் எவ்வளவு?

ப: அமெரிக்காவில் மாட்டு மந்தையை ஓட்டிப்போகும் இந்தக் கூலியாளுக்கு 1870களில் மாதம் 25 முதல் 40 டாலர். சமையல்காரருக்கு அதைவிடக் கூடுதல். அவரைப் பகைத்துக்கொண்டவன் பாடு திண்டாட்டம்.

கே: ஆயிரக்கணக்கில் மாடு ஓட்டிப்போகிறவர்கள் ஏன் பீன்ஸ் தின்றார்கள்?

ப: அப்பாடா, உருப்படியான கேள்வி. மாடு முதலாளியுடையது. டெக்சஸில் நாலைந்து டாலருக்கு விலைபோகும் மாடு, வடக்கே கன்சாஸ் ரயிலடி சேர்ந்தால் பல மடங்கு. பத்துப் பன்னிரண்டு பேருக்காக ஒரு முழு மாட்டை வெட்டினால், வெயிலில் பாதி அழுகிப்போகும். அதனால் பீன்ஸ், உப்புக்கண்டம் போட்ட பன்றி இறைச்சி, புளித்த மாவு ரொட்டி. புளித்த மாவு குளிரில் கெட்டுவிடும் என்று, அந்த மிடாவைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்கிய சமையல்காரர்கள் உண்டு. ஆர்பக்கிள் என்ற கம்பெனியின் காப்பிக்கொட்டைப் பொட்டலத்துக்குள் ஒரு பெப்பர்மிண்ட் மிட்டாய் இருக்கும். கொட்டையை அரைத்துக் கொடுப்பவனுக்கு அது கூலி. மீசை முளைத்த ஆட்களே அதற்குப் போட்டி போட்டார்கள்.

கே: எத்தனை துப்பாக்கி வைத்திருப்பார்கள்?

ப: படம் பார்த்துவிட்டு வராதீர்கள். கன்சாஸில் மந்தை போய்ச் சேரும் டாட்ஜ் சிட்டி மாதிரி ஊர்களில் ஆயுதத்தோடு நடமாடத் தடை இருந்தது.

கே: பீன்ஸ் பதில் தவறு. கன்றுக்குட்டிகளைத் தின்றார்களே?

ப: தின்றார்கள்தான். வழியில் பிறந்த கன்றால் மந்தையோடு தினமும் 10, 15 மைல் நடக்க முடியாது, பெரும்பாலும் சுட்டுவிடுவார்கள். சில சட்டிக்குப் போயிருக்கும். அது அன்றாடச் சாப்பாடு ஆகிவிடாது.

கே: அடுத்தவன் மாட்டையும் அறுத்தார்களாமே? அது திருட்டு இல்லையா?

ப: மந்தையில் கலந்த அடுத்தவன் மாட்டுக்கறிக்குத்தான் ருசி அதிகம் என்று அவர்களே கேலி பேசிக்கொண்டார்கள். திருட்டுதான், வேறென்ன. கறிப் பேச்சு இத்துடன் போதும்.

கே: யார் வேகமாகச் சுடுவார்?

ப: துப்பாக்கிப் பதிலை மறுபடி படிக்கவும்.

கே: கௌபாயை விடுங்கள், அதே காலத்தில் மரமே இல்லாத நெப்ராஸ்கா மாநிலத்தில் குடியேறியவர்கள் எதில் வீடு கட்டினார்கள்?

ப: புல்வேரோடு சேர்த்து மண்ணைப் பாளம் பாளமாக உழுது எடுத்து அடுக்கினார்கள். இரண்டு மூன்றடி கனச் சுவர். கோடையில் குளிர்ச்சி, பனியில் கதகதப்பு. கூரைதான் வினை. வெளியே மழை விட்டபிறகும் உள்ளே சொட்டும், பாம்பும் விழும். அதற்காகவே மேலே துணி கட்டினார்கள். அடுப்புக்குக் காய்ந்த காட்டெருமைச் சாணம்: நம் வறட்டிதான், தட்டும் வேலை மட்டும் இல்லை.

கே: குடியேறியவர்களுக்கு அரசு கொடுத்த 160 ஏக்கர் இலவசமாமே?

ப: 1862 சட்டப்படி சிறு கட்டணம், ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து பயிர்செய்ய வேண்டும். நிலம் பூர்வகுடிகளிடமிருந்து பறித்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழை குறைந்த மேற்குப் பக்கத்தில் 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. பட்டா கைக்கு வருமுன்பே பலர் வண்டியைத் திருப்பிவிட்டார்கள்.